மாதக் கணக்கை விடுங்கள், கடல் நாளை எண்ணுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: தங்கச்சிமடத்தில் வீடு. கணவர் ராமேசுவரம் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். திங்கள், புதன், சனி கடலில் இறங்கி மறுநாள் காலை கரை சேர்கிறார். ஒரு நாள் கையில் 4,000 வரும், ஒரு நாள் பேட்டா மட்டும். நீங்கள் கருவாடு போட்டு விற்கிறீர்கள். பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டுச் செலவு மாதம் ஏறக்குறைய 15,000. ஏப்ரல் வந்தால் சங்கிலி 40,000க்கு அடகுக்கு போகிறது, அக்டோபரில்தான் திரும்புகிறது. பட்ஜெட் போட்டுப் பார்த்தும் இரண்டு மாதத்தைத் தாண்டவில்லை. இதையெல்லாம் உட்கார்ந்து பார்க்க நேரமும் இல்லை.

பட்ஜெட் நிற்காததற்கு உங்கள் கட்டுப்பாடு காரணம் இல்லை. மாதம் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்காக உண்டான கணக்கு முறை அது. உங்கள் வீட்டில் பணம் தேதி பார்த்து வருவதில்லை. கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுத்த நாள், காற்று விட்ட நாள், மீன்பாடு கிடைத்த நாள் பார்த்து வருகிறது. ஆகவே கணக்கின் அலகையே மாற்ற வேண்டும். மாதத்தை விட்டுவிட்டு, ஒரு தடவை கடலுக்குப் போய் வருவதை ஓர் அலகாக வையுங்கள்.

எண்ணிப் பார்ப்போம். கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிக்கப் போகக் கூடாத தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீதி 304 நாள், அதாவது 43 வாரம். வாரத்துக்கு மூன்று என்றால் அதிகபட்சம் 130 தடவை. இதில் வாடைக் காலத்துப் புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம், படகு பழுது, திருவிழா, உடம்புக்கு முடியாத நாள் எல்லாம் கழியும். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு கழிகிறது என்பது கணவருக்கோ படகின் கணக்கு நோட்டுக்கோ தெரியும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இங்கே 90 தடவை என்று வைத்துக்கொள்கிறேன்.

வருடச் செலவு 1,80,000. அதை 90ஆல் வகுத்தால் 2,000. 365 நாளை 90ஆல் வகுத்தால் நான்கு. ஆக, ஒரு கடல் நாள் நான்கு வீட்டு நாளைச் சுமக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை கையில் வரும் 2,500 அன்றைய வருமானம் போலத் தெரியும், ஆனால் அதில் வீட்டுக்கு உண்மையில் மிஞ்சுவது 500தான். மிச்சம் நான்கு நாள் சோறு. நல்ல பாடு வந்த அன்றைக்கு இறால், கோழி, பிள்ளைகளுக்கு உடுப்பு என்று கை நீள்வதும், வியாழக்கிழமை கடன் கேட்பதும் இந்த ஒரு கணக்கு கண்ணுக்குத் தெரியாததால்தான்.

இனி தடைக்காலம். நாளைக்கு 500 வீதம் 61 நாளுக்கு 30,500. அரசு நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 (2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000இலிருந்து உயர்த்தியது). மீதி 22,500. இதை 90 தடவைக்குப் பிரித்தால் 250; மேலே சொன்ன 2,000க்குள் இது அடங்கும். அதோடு ஜூனில் பள்ளி திறக்கும். படகு இறங்குவதற்கு முன்னாலேயே கட்டணம், நோட்டு, சீருடை, செருப்பு எல்லாம் வந்து நிற்கும். அதற்கு 10,000 என்றால் தடவைக்கு 110. மொத்தம் 360. உங்கள் சங்கிலி பெட்டியிலேயே இருப்பதற்கான விலை இதுதான்: கடலுக்குப் போய்வரும் ஒவ்வொரு தடவையும் 360.

எல்லாத் தடவையும் 360 எடுக்க முடியாது. அதற்கு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாரும் அன்றன்று விவாதிக்க வேண்டியிராது. பங்கு 1,000க்குக் கீழே என்றால் ஒன்றும் எடுக்காதீர்கள். 1,000 முதல் 2,000 வரை என்றால் பாதி, 180. 2,000க்கு மேல் முழு 360. 3,000ஐத் தாண்டினால் தாண்டிய பணத்தில் பாதியையும் சேர்த்து எடுங்கள். வெறுங்கையாய் வந்த நாளின் குறையை அந்த நாள்தான் நிரப்பும். உங்கள் கருவாட்டு வருமானத்தை வேண்டுமென்றே இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவம், சொந்தத்தில் கல்யாணம், இழவு என்று சொல்லாமல் வருவதற்கு ஒரு பணம் தனியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் தடைக்கால நிதியில்தான் கை வைக்கும்.

கணவரின் கைச்செலவையும் இதே போலத் தொகை பேசி முடித்துவிடுங்கள். தடவைக்கு இவ்வளவு, அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. இரவெல்லாம் கடலில் கிடந்துவிட்டு வருகிறவரிடம் டீக்கும் வெற்றிலைக்கும் கணக்குக் கேட்டால், அடுத்த தடவை பங்கு எவ்வளவு என்பதே வீட்டுக்கு வந்து சேராது. கணக்குப் புத்தகம் பாதியில் நின்றுபோகும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பணத்தை எங்கே வைப்பது? அரிசிப் பானையில் வைத்தால் ஜனவரியில் தீர்ந்துவிடும். அஞ்சலகத் தொடர் வைப்பு நல்ல திட்டம்தான். 2023 அக்டோபர் முதல் 6.7 சதவீத வட்டி, மாதம் 100இலிருந்து தொடங்கலாம். ஆனால் இந்தத் தேவைக்கு அது பொருந்தாது. ஐந்து வருடத் திட்டம் அது; மூன்று வருடம் முடியாமல் மூட முடியாது. மாதத் தவணை தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், தொடர்ந்து நான்கு தவறினால் கணக்கு நின்றுவிடும். தடைக்காலத்தில் இரண்டும் வாடையில் ஒன்றிரண்டும் தவறத்தான் செய்யும். மகள் படிப்புக்கு வேண்டுமானால் சிறு தொகையில் போடுங்கள்.

தடைக்கால நிதிக்கு இரண்டாவதாக ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு போதும். குறைந்தபட்ச இருப்பு கேட்காத ஜன்தன் வகைக் கணக்காக, உங்கள் பெயரில் இருக்கட்டும். அதை எந்த கூகுள் பே, போன் பே செயலியிலும் இணைக்காதீர்கள்; ஏடிஎம் அட்டையும் வாங்காதீர்கள். உள்ளே போடுவது ஒரு நிமிட வேலை, வெளியே எடுக்க வங்கிக்கு நடந்து போய்ச் சீட்டு எழுத வேண்டும். அந்த ஒரு நடைதான் பூட்டு. பங்குப் பணம் கைக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் 360ஐ அனுப்பிவிட வேண்டும். சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட பணம் சாயங்காலம் இருக்காது. ஜமாஅத் வழியே பைத்துல்மால் (ஜமாஅத்தின் பொது நிதி) நடக்கும் ஊர்களில் வட்டி வேண்டாத குடும்பங்கள் தடைக்காலக் கைமாற்றுக்கு அதைக் கேட்கலாம்.

உங்கள் கரைக்கு என்றே உள்ள ஒரு விஷயம் இதற்கடுத்தது. இதைப் பொதுவான சேமிப்பு அறிவுரை எதுவும் சொல்லாது. இங்கே எல்லோருக்கும் ஒரே மாதத்தில் பணம் தேவைப்படுகிறது. நகரத்தில் ஒருவருக்கு ஜூனில் தேவை, பக்கத்து வீட்டுக்கு நவம்பரில் தேவை. பாம்பனிலும் மண்டபத்திலும் சோளியக்குடியிலும் ஏப்ரல் கடைசியில் தெரு முழுக்கக் கை நீட்டுகிறது. அப்போது கடனின் விலை ஏறும். ஏலச் சீட்டில் தள்ளுத்தொகை மிக அதிகமாகப் போவது ஏப்ரல், மே மாதங்களில்தான். 40,000 சீட்டை 12,000 தள்ளி 28,000க்கு எடுப்பது அவசரத்தில் நடக்கும். அதே சீட்டை டிசம்பரில் கேட்டால் தள்ளு பாதியாக இருக்கலாம். மகளிர் குழுவின் உள்கடனும் அப்படித்தான். ஏப்ரலில் பன்னிரண்டு பேரும் கேட்பார்கள், இருப்பில் மூன்று பேருக்குத்தான் இருக்கும். வாங்கியே தீர வேண்டிய கடன் என்றால் பிப்ரவரியில் வாங்குங்கள். இரண்டு மாத வட்டி கூடுதலாகப் போனாலும் ஏப்ரலின் வட்டிக்கு அது எவ்வளவோ குறைவு. சீட்டு பற்றி இன்னொன்று: 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். பதிவில்லாத ஊர்ச் சீட்டில் சேர்ந்தால், நடத்துகிறவர் ஊரைவிட்டுப் போன அன்று கையில் காட்ட ஒரு தாள் இருக்காது.

சமைக்கும் பொருளுக்கும் இதே ஒழுங்கு. முண்டு மிளகாய் ராமநாதபுரம் மாவட்டத்தில் மாசி, பங்குனியில் களத்துக்கு வரும். புளியும் அந்தச் சமயம்தான். வருடத்துக்கு வேண்டியதை அப்போதே எடுத்துவையுங்கள். கடற்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு என்பதால் வாங்கியபடியே மூட்டையில் வைத்தால் ஆடிக்குள் பூசணம் பிடிக்கும். இரண்டு வெயில் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மட்டும் இறுக்கமான மூடியுள்ள தூக்குவாளியில் போடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து அதுவே பூசணத்துக்கு வழி. வீட்டுக் கருவாட்டையும் பங்குனியில் ஒதுக்குங்கள். நான்கு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு என்ற அளவை விற்பனைக்கு வைத்திருப்பீர்கள்; வீட்டுக்கும் அதைக் குறைக்காதீர்கள். தடைக்காலத்தில் மீன் விலை ஏறி நிற்கும்போது கருவாடும் கத்தரிக்காயும் இருக்கிற வீடு சந்தைக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் கடன்களை ஒரே கண்ணால் பார்க்காதீர்கள். தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம்: 10,000 எழுதி, பிடித்தம் போகக் கையில் 8,500 தருவார்கள்; நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். 'வட்டி வெறும் 1,500' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டே போகிறது. சராசரியாகப் பாதிப் பணம்தான் உங்கள் கையில் இருக்கிறது. கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி வருகிறது, வருடத்துக்கு 120. அடகுக்கடையில் நூற்றுக்கு இரண்டு என்றால் வருடத்துக்கு 24. உங்கள் 40,000க்கு ஆறு மாதத்தில் 4,800. அதே சங்கிலி வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ ஆண்டுக்கு 9 என்ற வட்டிக்கு இருந்தால் ஆறு மாதத்துக்கு 1,800. வித்தியாசம் 3,000, ஒன்றரைக் கடல் நாள்.

வட்டியே இல்லை என்று சொல்லித் தரும் முன்பணத்துக்கும் கணக்குப் போடுங்கள். கருவாட்டு வியாபாரி 50,000 முன்பணம் தருகிறார். பதிலுக்குச் சரக்கு அவருக்கே, கிலோவுக்கு 10 ரூபாய் குறைவு. வருடத்துக்கு 1,800 கிலோ கொடுத்தால் 18,000 போகிறது. அது மாதம் நூற்றுக்கு மூன்று வட்டி. அதோடு அசல் அப்படியே நிற்கிறது. கணவர் படகுக்காரரிடம் வாங்கும் முன்பணத்தில் பணம் குறையாது, ஆனால் நல்ல பாடு பிடிக்கும் வேறு படகுக்கு மாற முடியாது. அதுவும் ஒரு விலைதான்.

எனவே அடைக்கும் வரிசை: முதலில் தண்டல், பிறகு அடகுக்கடை நகையை வங்கிக்கு மாற்றுவது, பிறகு முன்பணம், கடைசியில் வங்கி. நகையை மாற்றுவதில் ஒரு சிக்கல் உண்டு. மீட்க முதலில் 40,000 வேண்டும், நகை கையில் வந்தால்தான் வங்கி கடன் தரும். குழுவிலோ நெருங்கிய சொந்தத்திலோ ஒரே ஒரு நாளுக்குக் கைமாற்று வாங்கி, காலையில் மீட்டு, அன்று மதியத்துக்குள் வங்கியில் வைத்து, சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்கு முதல் நாளே வங்கியில் போய் நகை மதிப்பீட்டாளர் எந்த நேரம் இருப்பார், ஆதாரும் பான் அட்டையும் போதுமா, கிராமுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்காமல் போனால் மதிப்பீட்டாளர் வராத நாளாகப் பார்த்து மாட்டிக்கொள்வீர்கள். ரசீதில் கல், அரக்குக் கழித்த நிகர எடை எழுதியிருக்கிறதா என்று அங்கேயே படியுங்கள். வட்டியை மாதாமாதம் கட்டிவாருங்கள். வருடக் கடைசியில் அசலும் வட்டியும் சேர்ந்து வரும்போதுதான் நகை ஏலத்துக்குப் போகிறது.

கடன் இவ்வளவு இருக்கும்போது முதல் வருடமே 360 எடுக்க இயலாது. பாதியில் தொடங்குங்கள், 180. வரும் ஏப்ரலில் கையில் 16,000 போல இருக்கும். 40,000க்குப் பதில் 24,000க்குச் சங்கிலியை வையுங்கள். அதற்கடுத்த வருடம் இன்னும் குறையும். மூன்றாம் வருடம் வைக்காமல் இருக்கலாம். ஒரே வருடத்தில் முடிக்கப் பார்த்தால் ஆடியில் நிதியை உடைப்பீர்கள், பிறகு மனம் விட்டுப்போகும்.

தேதி போட்டு வரும் செலவுகளை வேறு வழியில் கட்டுங்கள். மகளிர் உரிமைத் தொகை 1,000 உங்களுக்கு வருமானால், வீட்டுக்குத் தேதி தவறாமல் வரும் ஒரே பணம் அதுதான், தடைக்காலத்திலும் வரும். மின்கட்டணம், சிலிண்டர், பள்ளி வேன் என்று தேதி உள்ள செலவை மட்டும் அதன் தலையில் வையுங்கள். மின்கட்டணத்தில் கவனிக்க ஒன்று: இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100க்குச் சலுகை விலை. மொத்தம் 500ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய்விடும். ஒரே ஒரு யூனிட் தாண்டினாலும் இருநூறு ரூபாய்க்கு மேல் கூடும். பழைய ஐஸ் பெட்டி ஓடும் வீடுகள் ஐம்பதாம் நாள் மீட்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

நேரத்துக்கு வருகிறேன். செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் உங்கள் கை மீனில் இருக்கும். திங்கள், புதன், சனியில் கணவர் இறங்குகிறார். இரண்டும் இல்லாத நாள் வெள்ளி; வங்கி, அஞ்சலகம், மீனவர் கூட்டுறவுச் சங்க அலுவலகம் எல்லாம் திறந்திருக்கும் நாளும் அது. வெளிவேலை எல்லாவற்றையும் வெள்ளி முற்பகலுக்கு ஒதுக்குங்கள். வாரத்தில் நினைவுக்கு வரும் வேலையை நாள்காட்டித் தாளில் எழுதி வெள்ளிக்கு விட்டுவிடுங்கள். ராமநாதபுரம் போய்வருவது தங்கச்சிமடத்திலிருந்து அரை நாளுக்கு மேல்; ஒரு நகல் தாள் விட்டுப்போனதற்காக மறுபடி போவது ஒரு நாள் கருவாட்டு வேலையைத் தின்றுவிடும். ஒரே பிளாஸ்டிக் உறையில் குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார், இரண்டு பாஸ்புக், மீனவர் நலவாரிய அட்டை, சங்க உறுப்பினர் எண், பிள்ளைகளின் சாதிச் சான்று, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், நான்கு புகைப்படம் வையுங்கள். எல்லாவற்றையும் போனிலும் படம் எடுத்து வைத்திருங்கள்.

மார்ச் முதல் வெள்ளிக்கு ஒரு வேலை நிரந்தரம். நிவாரணம் வரும் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வருடம் நீங்கள் போட எடுக்க இல்லையென்றால் வங்கி அதைச் செயலற்ற கணக்காக்கிவிடும். பாஸ்புக்கிலும் ஆதாரிலும் பெயரின் முதலெழுத்து வேறாக இருந்தாலும், பழைய போன் எண்ணே இருந்தாலும் பணம் சிக்கும். மே மாதம் தெரிந்துகொண்டால் திருத்தி வருவதற்குள் தடைக்காலமே முடிந்துவிடும். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உங்கள் பங்கு 1,500ஐக் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500ஆகத் திருப்பித் தருகின்றன. விட்டுப்போகாமல் இருக்கிறதா என்று சங்கத்தில் அதே நடையில் கேளுங்கள். நிவாரணம் தருவதாகப் போனில் வரும் இணைப்பைத் தொடவேண்டாம். பணம் வாங்க யாரும் ரகசிய எண் போடத் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழையுங்கள்.

மே மாத நான்காம் வெள்ளிக்கும் ஒன்று. வங்கி வழிக் காப்பீடுகள் இரண்டு இருக்கின்றன: விபத்துக்கு வருடம் 20 ரூபாய், உயிருக்கு 436 ரூபாய், இரண்டிலும் இழப்பீடு 2 லட்சம். உயிர்க் காப்பீட்டில் 50 வயது வரை சேரலாம். இவற்றின் வருடம் ஜூன் 1இல் தொடங்குவதால் பணத்தை மே கடைசியில் கணக்கிலிருந்து தானாக எடுப்பார்கள். இந்தக் கரையில் கணக்கு துடைத்துக் கிடக்கும் வாரமும் அதுதான். 456 ரூபாய் இல்லாமல் காப்பீடு அறுந்துபோனால், ஜூன் 15 அன்று கணவர் காப்பீடு இல்லாமல் கடலில் இறங்குவார். அந்த 456ஐ ஏப்ரல் முதல் வாரமே போட்டுவிட்டு, அதைத் தொடுவதில்லை என்று வையுங்கள்; மே நான்காம் வெள்ளியன்று அது கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரதமரின் மீன்வளத் திட்டத்தில் மீனவருக்குப் பணம் கட்டாத குழு விபத்துக் காப்பீடும் உண்டு, இறப்புக்கு 5 லட்சம். கணவர் பெயர் அதில் இருக்கிறதா என்பதைச் சங்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நோட்டுக்கு நான்கு கோடு போதும்: தேதி, பங்கு, ஒதுக்கியது, இதுவரை ஒதுக்கியது. ஒரு தடவைக்கு ஒரு வரி. காய்கறி, சோப்பு எல்லாம் எழுத வேண்டாம். அதுதான் பத்து நாளில் சலிக்கும்.

பொங்கல் முடிந்த வெள்ளிக்கிழமை வரிகளை எண்ணுங்கள். ஜூன் பாதியிலிருந்து ஏழு மாதம் ஆகியிருக்கும். 90 தடவைக் கணக்கில் அதற்குள் 63 வரி இருக்க வேண்டும். வாடை பலமாக அடித்த வருடத்தில் 50தான் இருக்கலாம். முழு 360 எடுக்கும் வருடமாக இருந்தால் கையில் 18,000, வேண்டியது 32,400. மீதி 14,400ஐ எஞ்சிய மூன்று மாதத்தின் 27 தடவைக்குப் பிரித்தால் தடவைக்கு 533. அந்தத் தொகை வீட்டுக்குத் தாங்காது என்று பட்டால், எவ்வளவு குறையும் என்பது உங்களுக்கு மூன்று மாதம் முன்னதாகவே தெரிந்துவிட்டது. அந்த அளவுக்கு மட்டும் குழுவில் பிப்ரவரிக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள், மற்றவர்கள் கேட்கத் தொடங்குவதற்கு முன்னால்.